மலையகத்து நிழலில் ரெக்ஸ் பிகோனியா: ஓர் இலையிலிருந்து பல செடிகள்

நிழலுக்கு ஏற்ற வண்ண இலைச் செடியாக ஹொஸ்டாவைப் படங்களில் கண்டு விரும்புவோர் பலர். ஆனால் கடுங்குளிரில் இலை மடிந்து உறங்கவேண்டிய அச்செடி, அத்தகைய குளிர்காலம் இல்லாத நுவரெலியாவில்கூட நீடித்துச் செழிப்பது கடினம். அதற்குப் பதிலாக, வெள்ளியும் கருஞ்சிவப்பும் கலந்த இலைகளையுடைய ரெக்ஸ் பிகோனியாவையே நான் பரிந்துரைப்பேன். அசாம் பகுதியின் ஈரக் காடுகளைச் சேர்ந்த இச்செடிக்கு நமது மூடுபனி நன்கு ஒத்துப்போகும்.

முதலில், இலைமக்கு, தும்புத்தூள், கழுவிய ஆற்றுமணல் ஆகியவற்றைச் சம அளவில் கலந்து, அடியில் துளைகள் உள்ள ஆழமற்ற சாடியொன்றில் நிரப்பி, இலேசாக நனைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, முதிர்ந்த, ஆனால் பழுக்காத இலையொன்றைக் கொய்து, காம்பை நீக்கிப் பின்புறமாகத் திருப்புங்கள். தடித்த நரம்புகள் கிளை பிரியும் இடங்களுக்குச் சற்றுக் கீழே, சுத்தமான பிளேட்டினால் ஒவ்வொரு நரம்பையும் குறுக்காக வெட்டுங்கள். வெட்டிய பக்கம் கலவையில் நன்கு படியுமாறு இலையை விரித்து, சிறு கூழாங்கற்களை அதன்மீது வைத்து, சாடியை ஒளி ஊடுருவும் பொலித்தீனால் மூடி, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். பொலித்தீனின் உட்புறம் நீர் வழியும் அளவுக்கு வியர்த்தால், சிறிது நேரம் திறந்துவிடவேண்டும். சில வாரங்களில் வெட்டுக்களின் அருகே, ரோமம் அடர்ந்து சுருங்கிய குட்டி இலைகள் தலைகாட்டும். தாயிலை அழுகத் தொடங்கியதைக் கண்டு அவசரப்பட்டுத் தூக்கியெறிய வேண்டாம்.

குட்டிகள் மூன்று நான்கு இலை விட்டதும் தனித்தனிச் சாடிகளுக்கு மாற்றலாம். அப்போது, தரையோடு படரும் தடித்த தண்டை மண்ணுக்குள் புதைக்கக் கூடாது. புதைத்தால் அது அழுகிவிடும். மலையகத்தில் இச்செடி தாகத்தால் சாவதைவிட ஈரத்தால் சாவதே அதிகம் என்பது என் கணிப்பு. எனவே, மேல்மண் விரலுக்கு உலர்ந்ததாகத் தெரிந்த பின்னரே, இலை நனையாமல் மண்ணில் நீர் ஊற்றுங்கள். இலைமேல் வெண்பொடி படர்ந்தால் அது சாம்பல் நோய்; அவ்விலைகளை அகற்றிச் சாடிகளை விலக்கி வைத்துக் காற்றோட்டம் கொடுங்கள்.

ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்தில் தென்மேல் பருவமழை ஓயும்வரை சாடிகள் கூரைக்குள், தாழ்வார நீர் சொட்டாத தூரத்தில் இருக்கவேண்டும். அதே மாதங்களில் பண்டாரவளையில் வறண்ட காற்று வீசுவதால், அங்குள்ளோர் காற்று மறைப்பு அமைத்துக்கொள்வது நல்லது. நுவரெலியாவில் தை, மாசி மாதங்களில் உறைபனி விழக்கூடிய இரவுகளில் சாடிகளை வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள்.