தாஹோ ஏரிப் பாதை: கிளம்பும் முன் தேதியைப் பாருங்கள்

அமெரிக்காவில் தாஹோ ஏரியைச் சுற்றி ஏறக்குறைய 265 கிலோமீட்டர் நீளும் தாஹோ ரிம் டிரெயிலில் மவுண்டன் பைக் ஓட்டப் போகிறீர்களா? முதலில் காலண்டரைப் பாருங்கள். தாஹோ மெடோஸ் முதல் டனல் கிரீக் சாலை வரை சைக்கிளுக்கு இரட்டைப்படைத் தேதிகளில் மட்டுமே அனுமதி. நடப்பவர்கள் என்றைக்கும் போகலாம்; நிம்மதியாக நடக்க ஒற்றைப்படைத் தேதிதான் நல்லது என்பேன். டெசலேஷன் காப்புக்காட்டில் சைக்கிளே கூடாது.

அப்புறம், ஏரி மட்டமே சுமார் 1,900 மீட்டர் உயரம். பாதை பெரும்பாலும் அதற்கும் மேலே. சீக்கிரம் மூச்சு வாங்கும். ஏற்றம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். அழுத்தி மிதிக்கும்போது மாற்றினால் செயின் கழன்றுவிடலாம். வளைவுகளில் கருங்கல் பொடிந்த மணல் வழுக்கும். திரும்புவதற்கு முன்பே பிரேக் பிடியுங்கள், திரும்பும்போது வேண்டாம்.