சத்தம் வந்தாலே ஷாக் போச்சா? சஸ்பென்ஷன் தேய்மானம் பார்ப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் காரில் ஒருமுறை முன்பக்கம் "டொக் டொக்" என்று ஒரு சத்தம். சின்னச் சின்னக் குழிகள் உள்ள ரோட்டில் மெதுவாகப் போனால் மட்டும்தான் வரும். வேகமாகப் போனால் இல்லை. பெரிய வேகத்தடையில் இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறி இறங்கினாலும் இல்லை. ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். "ஷாக் போயிடுச்சு, ரெண்டையும் மாத்திடலாம்" என்றார்கள். மாற்றினோம். பில்லைக் கட்டிவிட்டு வெளியே வந்து, முதல் குழியில் இறங்கியதும் அதே டொக் டொக். விரல் தடிமன்கூட இல்லாத ஒரு லிங்க் ராடுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது.

யோசித்துப் பார்த்தால், விடை அந்தச் சத்தத்திலேயே இருந்தது. திருப்பத்தில் கார் அதிகம் சாயாமல் இருக்க, இடது வலது சக்கரங்களுக்கு நடுவே குறுக்கே ஓடும் கம்பிதான் ஸ்டெபிலைசர் பார். அதைச் சக்கரத்தோடு இணைக்கும் சின்னக் கம்பி லிங்க் ராடு. ஒரு சக்கரம் ஏறி இன்னொன்று ஏறாதபோதுதான் அதற்கு வேலை. இரண்டும் சேர்ந்து ஏறினால் அது சும்மா இருக்கும், சத்தமும் போடாது. "எங்கே சத்தம்?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள், நானும் அதற்குத்தான் பதில் சொன்னேன். "எப்போது சத்தம்?" என்று யாரும் கேட்கவில்லை. காரின் பாடி முழுக்க இரும்புத் தகடு. வலது பக்கம் தட்டினால் இடது பக்கம் கேட்கும். இடத்தை நம்பிப் பாகத்தை மாற்றுவதுதான் முதல் தவறு.

எல்லாப் பழியையும் ஷாக் மேல் போடுவது அடுத்தது. இதில் பெயருக்கும் பங்கு உண்டு. ஷாக் அப்சார்பர் என்று சொன்னாலும் குழியின் அடியை முதலில் வாங்குவது டயரும் ஸ்பிரிங்கும்தான். அடி வாங்கிய ஸ்பிரிங் துள்ளிக்கொண்டே இருக்காமல் அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. உள்ளே பிஸ்டன் நகரும்போது ஆயில் சின்னத் துளைகள் வழியாகப் பிதுங்கி ஓடி, அந்த ஆட்டத்தைச் சூடாக மாற்றிவிடும். ஆகவே தேய்ந்த ஷாக் பெரும்பாலும் சத்தம் போடாது, காரை ஆட்டும். மேட்டில் ஏறி இறங்கிய பிறகும் கார் இரண்டு மூன்று முறை மிதக்கும். பிரேக் போட்டால் மூக்கு குத்தும். டயரை உள்ளங்கையால் தடவினால் வட்டம் முழுக்க மேடும் பள்ளமுமாகத் தட்டுப்படும்.

பானெட்டை அமுக்கிவிட்டுப் பார்க்கும் சோதனை எல்லோருக்கும் தெரியும். கைவிட்ட பிறகு பலமுறை ஆடினால் ஷாக் காலி என்பது சரிதான். ஆனால் ஆடாமல் நின்றுவிட்டால் ஷாக் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. இன்றைய கார்களில் ஸ்பிரிங் கடினம். கையால் அமுக்கும் வேகம், ரோட்டில் சக்கரம் துள்ளும் வேகத்துக்குப் பக்கத்தில்கூட வராது.

ஆயில் கசிவிலும் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. ஷாக்கின் மேல்பாதியில் லேசான ஈரப்படலம், அதில் தூசி ஒட்டியிருப்பது சகஜம். ராடு ஏறி இறங்கும்போது சீல் வழியாகக் கொஞ்சம் ஆயில் வெளியே வருவதுதான் அது. அதைக் காட்டி "லீக்" என்று பயமுறுத்தினால், துணியால் துடைத்துவிட்டுச் சில நாள் ஓட்டிப் பாருங்கள். மறுபடி நனைந்து, கீழ்வரை வழிந்தால் அது உண்மையான லீக். அதே நேரம், வெளியே காய்ந்திருக்கும் ஷாக் உள்ளே வால்வு தேய்ந்து செத்துப் போயிருக்கவும் கூடும். ஆயிலை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதக் கூடாது.

சரி, "எப்போது" என்று கேட்டால் என்னென்ன தெரியும்? பிரேக் போடும்போதோ, நின்ற காரை எடுக்கும்போதோ ஒரே ஒரு "தட்" கேட்டால் லோயர் ஆர்ம் புஷ் மேல் சந்தேகம் வர வேண்டும். லோயர் ஆர்ம், சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் பாடியோடு இணைக்கும் கை; புஷ், அந்தக் கையின் மூட்டில் இருக்கும் ரப்பர். சக்கரம் முன்னும் பின்னும் நகராமல் பிடித்திருப்பது அதுதான். நிற்கும் காரில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் ஸ்பிரிங் முறுக்கி விடுபடுவது போல "டங்" என்றால், ஸ்ட்ரட்டை (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண்) பாடியோடு பிடிக்கும் மேல் மவுண்டின் பேரிங். முழுக்க ஒடித்து ஆக்சிலரேட்டர் கொடுத்தால் "டக டக டக" என்று வந்தால் அது சஸ்பென்ஷனே அல்ல, எஞ்சின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஆக்சிலின் மூட்டான சிவி ஜாயிண்ட். வேகம் கூடக்கூட ஏறும் "ஊஊ" சத்தம் வீல் பேரிங்காகவோ டயராகவோ இருக்கலாம். குலுங்கும் ரோட்டில் பிரேக்கை மெல்ல மிதித்தபடி போனால் சத்தம் நின்றுவிடுகிறதா? அப்படியென்றால் பிரேக் பேட், காலிப்பர் பக்கம் பாருங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியும் ஜாக்கியும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள். டயரில் காற்றையும் சரிபாருங்கள். காற்று அதிகமாக இருந்தாலே கார் கட்டை வண்டி மாதிரி குலுங்கும்.

ஜாக்கியில் ஏற்றிப் பார்ப்பதில்தான் தவறுகள் அதிகம். ஒரு பக்கத்தை மட்டும் தூக்கினால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொள்ளும்; லிங்க் ராடு இழுபட்டு விறைப்பாக நிற்கும், எவ்வளவு தேய்ந்திருந்தாலும் ஆட்டம் தெரியாது. என் லிங்க் ராடு தப்பித்ததும் இப்படித்தான். பிறகு கண்டுபிடித்த விதம் ரொம்ப எளிது. கார் நான்கு சக்கரத்தில் தரையில் நின்றது. எஞ்சின் அணைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, டயருக்குப் பின்னால் கை நுழைய ஸ்டியரிங்கை ஒடித்து வைத்தோம். ஒருவர் காரைப் பக்கவாட்டில் அசைக்க, நான் லிங்க் ராடின் மேல் முனையை விரலால் சுற்றிப் பிடித்திருந்தேன். மூன்றாவது அசைவில் விரல் நுனியில் மெல்லிய ஒரு "டிக்". காதில் விழவில்லை, கையில்தான் தெரிந்தது. ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டை ராடின் முனை மூட்டையும் (டை ராடு எண்ட்) இதே மாதிரி பார்க்கலாம். அசைப்பதற்குப் பதில் உள்ளே இருப்பவர் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இடமும் வலமும் ஆட்ட வேண்டும்.

லோயர் ஆர்ம் சக்கரத்தோடு சேரும் இடத்தில் இருக்கும் உருண்டை மூட்டான பால் ஜாயிண்டைப் பார்க்க, காரைத் தூக்கித்தான் ஆக வேண்டும். எங்கே தூக்குவது என்பது ஸ்பிரிங் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. பெரும்பாலான சின்னக் கார்களில் முன்பக்கம் இருப்பது மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக இருக்கும் அமைப்பு. இதில் கீழ் பால் ஜாயிண்ட் காரின் எடையைச் சுமப்பதில்லை. பாடியைத் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டுப் பார்த்தால் போதும். ஸ்பிரிங் லோயர் ஆர்ம் மேல் உட்காரும் வண்டியில் அப்படிச் செய்தால் ஸ்பிரிங் ஆர்மைக் கீழே தள்ளி ஜாயிண்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், ஆட்டம் ஒளிந்துவிடும். அங்கே ஜாக்கியை ஆர்முக்கு அடியில், ஜாயிண்டுக்குப் பக்கத்தில் கொடுக்க வேண்டும். எதுவானாலும் வெறும் ஜாக்கியை நம்பிக் காருக்கு அடியில் தலையை விடாதீர்கள். ஸ்டாண்ட் வைத்த பிறகுதான் எல்லாம்.

தொங்கும் சக்கரத்தைக் கடிகாரமாக நினைத்து 12, 6 மணி இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் உடனே பால் ஜாயிண்ட் என்று சொல்லிவிடாதீர்கள். வீல் பேரிங்காகவும் இருக்கலாம். உள்ளே ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் போய்விட்டால் பேரிங், இன்னும் இருந்தால் ஜாயிண்ட். 9, 3 மணி இடங்களில் மட்டும் ஆடினால் டை ராடு பக்கம். பால் ஜாயிண்டின் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் வெளியே வந்திருந்தால், இன்று ஆட்டம் இல்லாவிட்டாலும் அதன் நாள் எண்ணப்படுகிறது. தண்ணீரும் மண்ணும் உள்ளே போக ஆரம்பித்துவிட்டன.

ரப்பர் புஷ்ஷில் மேலாக மயிரிழை வெடிப்பு இருந்தால் பதற வேண்டாம், வயதானால் ரப்பர் அப்படித்தான். வெடிப்பு ஆழமாகக் கிழிந்து போயிருக்கிறதா, நடு இரும்புக் குழல் ரப்பரிலிருந்து பிரிந்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சில கார்களின் லோயர் ஆர்ம் புஷ்ஷுக்குள் திரவம் இருக்கும். அதைச் சுற்றிக் கறுப்பாக வழிந்த தடம் தெரிந்தால் அது முடிந்தது. "கீச் கீச்" சத்தத்துக்குக் கிரீஸோ எஞ்சின் ஆயிலோ தடவுவது பழக்கமான தவறு. அவை ரப்பரை உப்ப வைத்துக் கெடுத்துவிடும். ஒவ்வொரு புஷ்ஷாகத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். எதை நனைத்ததும் கீச்சு சற்று அடங்குகிறதோ, அதுதான் ஆள்.

கார் ஒரு மூலையில் தாழ்ந்து தெரிந்தாலும் ஷாக்கைத்தான் குறை சொல்வார்கள். உயரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். கடைசிச் சுற்று உடைந்து அடித்தட்டுக்குள் மறைந்திருந்தால் கண்ணுக்கே தெரியாது. சமதளத்தில் நிறுத்தி, சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை டேப்பால் இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள்.

மாற்றும்போது செய்யும் ஒரு தவறு புதுப் பாகத்தையே தேய வைத்துவிடும். லோயர் ஆர்ம் புஷ்ஷின் போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போதே முழுக்க இறுக்கிவிடுவார்கள். புஷ்ஷின் ரப்பர் அந்த நிலையிலேயே பூட்டிக்கொள்ளும். காரை இறக்கியதும் நிரந்தரமாக முறுக்கியபடி நிற்கும், சீக்கிரமே கிழியும். கைக்கு இறுக்கி, எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் கடைசி இறுக்கு. அப்புறம், ஷாக்கை ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் ஒரே அச்சில் இரண்டு சக்கரமும் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். அதை எப்போதும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். லிங்க் ராடுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

டயர் ஓரம் தேய்ந்ததும் நேராக அலைன்மெண்டுக்குப் போவதும் வீண் செலவு. புஷ்ஷும் ஜாயிண்டும் ஆடினால் மெஷினில் காட்டிய கோணம் ரோட்டில் நிற்காது. முதலில் ஆட்டத்தைச் சரிசெய்யுங்கள். ஸ்ட்ரட், லோயர் ஆர்ம், டை ராடு எண்ட் எதை மாற்றினாலும் அதன் பிறகு அலைன்மெண்ட் பார்க்க வேண்டும். லிங்க் ராடு மட்டும் மாற்றிவிட்டு அலைன்மெண்டையும் பில்லில் சேர்த்திருந்தால், எதற்கு என்று கேளுங்கள். அந்தக் கம்பிக்கும் சக்கரத்தின் கோணத்துக்கும் சம்பந்தமே இல்லை.