பதில் கிடைக்கும்படி கேட்பது எப்படி?

கொடைக்கானல் மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் உரக்கடைக்குப் போய், "வாழை சரியாக வரவில்லை, என்ன மருந்து அடிக்கலாம்?" என்று கேட்டால், அவருக்கு ஏதோ ஒரு மருந்து நிச்சயம் கிடைத்துவிடும். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது; கேட்டதற்குத்தான் அவர் பதில் சொல்கிறார். ஆனால் நோய்க்கு மருந்து இருக்கிறது என்ற முடிவு அந்தக் கேள்விக்குள் முன்கூட்டியே வந்து உட்கார்ந்துவிட்டது. தோட்டத்தில் வந்திருப்பது முடிக்கொத்து நோய் என்றால், அதைக் குணப்படுத்தும் மருந்து எதுவும் கிடையாது. அசுவினிப் பூச்சி பரப்புகிற நச்சுயிரி (வைரஸ்) நோய் அது. கீழ்ப்பழனி மலையின் மலைவாழைத் தோட்டங்களைப் பெருமளவு அழித்ததும் அதுதான்.

அதே தோட்டக்காரர் தடியன்குடிசையில் உள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய் இப்படிக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: "புது இலைகள் குறுகலாக, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நெருங்கி வருகின்றன. இலைக்காம்பில் கரும்பச்சைக் கோடுகள் விட்டுவிட்டுத் தெரிகின்றன. பக்கக் கன்றுகளிலும் அப்படியே இருக்கிறது. கன்றுகளை வெளியூரில் வாங்கினேன். இது என்னவாக இருக்கும், நான் முதலில் என்ன செய்ய வேண்டும்?" இவருக்குக் கிடைக்கும் பதில் வேறாக இருக்கும். அசுவினியைக் கொன்றுவிட்டு, நோய் கண்ட மரத்தைக் கிழங்கோடு தோண்டி அழித்து, மற்ற மரங்களைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்றும், இனி நோயில்லாத கன்றை மட்டுமே நட வேண்டும் என்றும் அவருக்குச் சொல்வார்கள். மரம் போனாலும் தோட்டம் மிஞ்சும்.

ஆகவே, யாரிடம் எதைக் கேட்கப் போனாலும், நம் முடிவை வீட்டிலேயே வைத்துவிட்டு, நாம் பார்த்ததை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். கிளம்புவதற்கு முன் ஒரு தாளில் மூன்று விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள்: கண்ணால் கண்டது என்ன, இதுவரை செய்து பார்த்தது என்ன, கிடைக்கும் பதிலை வைத்து என்ன செய்யப் போகிறேன். மூன்றாவதைத்தான் பெரும்பாலானோர் யோசிப்பதில்லை. பூண்டு விற்கப் போகிறவர் "வடுகபட்டியில் இன்று என்ன விலை?" என்று கேட்பதோடு நிறுத்திக்கொண்டால், ஊரில் பேசிக்கொள்ள ஒரு எண் கிடைக்கும். "கமிஷன், ஏற்றுக்கூலி, வண்டி வாடகை, கழிவு எல்லாம் போக ஒரு கிலோவுக்கு என் கையில் எவ்வளவு நிற்கும்?" என்று கேட்டால், இன்று மூட்டையை ஏற்றலாமா, சில நாள் பொறுக்கலாமா என்று அவரால் முடிவெடுக்க முடியும்.

ஒன்று எப்போது நடக்கிறது என்று கேட்கும்போது, எப்போது நடப்பதில்லை என்றும் சேர்த்துக் கேளுங்கள். இதற்கு நம் மலையிலேயே பெருமைப்படத்தக்க சான்று இருக்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1909 ஜனவரியில் வானியலாளர் ஜான் எவர்ஷெட், சூரியனில் கருமையாகத் தெரியும் புள்ளி ஒன்றின் ஓரப்பகுதியில் நிறமாலைக் கோடுகள் (ஒளியை நிறங்களாகப் பிரித்தால் தெரியும் கோடுகள்) சற்று இடம் பெயர்ந்திருப்பதைக் கண்டார்; வாயு நம்மை நோக்கியோ விலகியோ நகர்ந்தால் இப்படிப் பெயரும். அவர் அதோடு நிற்கவில்லை. புள்ளி சூரிய வட்டின் நடுவில் இருக்கும்போது பெயர்ச்சி தெரிகிறதா, விளிம்புப் பக்கம் இருக்கும்போது தெரிகிறதா, கருவியில் ஒளி நுழையும் பிளவைத் திருப்பி வைத்தால் என்ன ஆகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். பெயர்ச்சி தெரியாத இடங்களும் சேர்ந்துதான், புள்ளியின் உள்ளிருந்து வெளிப்புறமாக வாயு பாய்கிறது என்ற முடிவுக்கு அவரைக் கொண்டுசென்றன. பிள்ளையின் இருமலுக்கும் இதே முறை பொருந்தும். இரவில் மட்டும் வருகிறதா, அடுப்புப் புகை இல்லாத நாளிலும் வருகிறதா, சமவெளியில் உறவினர் வீட்டுக்குப் போனால் நின்றுவிடுகிறதா என்று கவனித்துச் சொல்கிற தாயிடமிருந்து மருத்துவர் நிறையத் தெரிந்துகொள்கிறார்.

மருத்துவமனையில் கேட்க வேண்டியதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாத்திரை எதற்கு, எத்தனை நாளைக்கு என்று கேட்பதோடு, "எது நடந்தால் காத்திருக்காமல் உடனே திரும்பி வர வேண்டும்?" என்றும் கட்டாயம் கேளுங்கள். மன்னவனூரிலிருந்தும் கிளாவரையிலிருந்தும் மலைப்பாதையில் வருகிறவர்கள் இதைக் கேட்காமல் ஊர் திரும்பக் கூடாது.

வழி கேட்கும்போது "பூம்பாறைக்கு இதுதானே வழி?" என்று கேட்காதீர்கள். கேட்பவர் மனம் கோணக் கூடாது என்றோ, அவசரத்திலோ, பலர் ஆமாம் என்று தலையாட்டிவிடுவார்கள். "பூம்பாறைக்கு எந்த வழி?" என்றால் சொல்பவர் யோசித்தே ஆக வேண்டும். தூரத்தையும் கிலோமீட்டரில் கேட்பதைவிட, "இப்போது நடக்க ஆரம்பித்தால் இருட்டுவதற்குள் போய்விடலாமா?" என்று கேட்பது மேல்.

எவரிடம் கேட்கிறோமோ அவருடைய கணக்கில் கேட்பது எல்லாவற்றிலும் நுட்பமானது; இதைக் கற்றுக்கொள்ளப் பொறுமை வேண்டும். ஊற்று எந்த ஆண்டு வற்ற ஆரம்பித்தது என்று மேல்மலைப் பாட்டி ஒருவரிடம் கேட்டால், "அது ஆச்சுப்பா ரொம்ப நாளு" என்பதோடு பேச்சு முடிந்துவிடலாம். "பாட்டி, போன தடவை குறிஞ்சி பூத்ததுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டுப் பாருங்கள். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது; 1994, 2006, 2018 என்று அதற்குக் கணக்கு இருக்கிறது. அந்தப் பூவோடு அவருக்குப் பேத்தியின் சடங்கும், அந்த ஆண்டு மழையும், ஊற்றில் கடைசியாகக் குடம் நிறைந்ததும் நினைவுக்கு வரும். அவர் யோசிக்கும்போது குறுக்கே எதையும் எடுத்துக் கொடுக்காதீர்கள். நாம் எடுத்துக் கொடுத்த ஆண்டையே அவர் தம் நினைவென்று ஒப்புக்கொண்டுவிடக் கூடும்.

வேலையில் ஒருவர் தவறு செய்திருந்தால், "ஏன் இப்படிச் செய்தாய்?" என்ற கேள்வி அவரைத் தற்காப்புக்குத் தள்ளிவிடும். "அண்ணே, முதலிலிருந்து எப்படிச் செய்தீர்கள், சொல்லுங்கள்" என்றால், எந்த இடத்தில் பிசகியது என்பதை அவரே காட்டிவிடுவார்.

பதில் கிடைத்ததும், புரிந்துகொண்டதை உங்கள் வார்த்தையில் ஒருமுறை திருப்பிச் சொல்லிச் சரிதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவருக்குத் தெரியவில்லை என்றால் வற்புறுத்தாமல், "இது நன்றாகத் தெரிந்தவர் யார்?" என்று கேட்டுவிட்டு, அவர் காட்டும் ஆளிடம் அதே தாளோடு போய்விடலாம்.