ஆன்லைன் கோர்ஸ் போடுறவங்க தெரியாம பண்ற சில தப்புகள்

நான் தமிழ்ல எக்செல் சொல்லித்தர்ற கோர்ஸ் ஒண்ணு நடத்துறேன். ஆரம்பிச்ச புதுசுல ஒரு ஸ்டூடன்ட் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார், "சார், இதை இங்க போடுங்க, பாருங்க இப்படி வந்துருச்சுன்னு சொல்றீங்க, எதை எங்கன்னு மட்டும் சொல்லிருங்க"ன்னு. அவருக்குக் கண் பார்வை கிடையாது, என்விடிஏன்னு இலவசமா கிடைக்குற ஸ்க்ரீன் ரீடர் திரையில உள்ளதை வாசிச்சுக் காட்டும், அதை வச்சுத்தான் கம்ப்யூட்டர்ல வேலையே பாக்குறார். என் வீடியோவை நானே கண்ணை மூடிக் கேட்டேன், வரிக்கு வரி 'இது', 'அங்க'தான், மனசு கஷ்டமாயிருச்சு. இப்போ 'பி2 செல்லுக்குப் போய் சமக்குறி போடுங்க'ன்னு வாயால சொல்லிடுறேன், பஸ்ல போய்க்கிட்டே காதுல கேக்குறவங்களுக்கும் இது உதவுது.

அடுத்தது நோட்ஸ், இது நம்ம தமிழ் ஆளுங்களுக்கே உரிய தப்பு. பழைய பாமினி ஃபான்ட்ல டைப் பண்ணி பிடிஎஃப் போட்டுடுறாங்க. கண்ணுக்கு நல்ல தமிழ்தான், ஆனா உள்ள இருக்கறது இங்கிலீஷ் எழுத்து, 'அம்மா'ன்னு இருக்கற இடத்துல ஸ்க்ரீன் ரீடருக்குக் கிடைக்கறது எம், கே, செமிகோலன், கே, ஹெச். எந்தக் கம்ப்யூட்டரும் தமிழைத் தமிழாவே படிக்கிற யுனிகோடு முறைக்கு மாறச் சொல்லி தமிழ்நாடு அரசே 2010ல ஆணை போட்டாச்சு, தயவு செஞ்சு மாறிடுங்க. நோட்டுப்புத்தகத்தைப் போட்டோ எடுத்து பிடிஎஃப் ஆக்குறது இன்னும் மோசம், ஒரு எழுத்து கூட வாசிக்காது.

சப்டைட்டில் தானா வரும்னு விட்டுடாதீங்க, நாம தமிழும் இங்கிலீஷும் கலந்து பேசுறதை அது கன்னாபின்னான்னு எழுதும், ஒரு தடவை உக்காந்து திருத்தணும். இன்னொண்ணு, காது கேக்காம சின்ன வயசுல இருந்தே சைகை மொழியில வளர்ந்தவங்க நிறைய பேருக்கு எழுத்துத் தமிழ் ரெண்டாவது மொழி, அதனால வாக்கியம் சின்னதா இருக்கட்டும், முடிஞ்சா முக்கியமான பாடத்துக்காவது சைகை மொழிபெயர்ப்பாளர் வைங்க.

வெள்ளை ஸ்லைடுல வெளிர் சாம்பல் எழுத்து வேண்டாம், எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5க்கு 1ன்னு கான்ட்ராஸ்ட், அதாவது வெளிச்ச வித்தியாசம் இருக்கணும்ங்கறதுதான் டபிள்யூசிஏஜிங்கற வெப்சைட் அணுகல் விதிகளோட கணக்கு. பச்சைன்னா சரி, சிவப்புன்னா தப்புன்னு கலரை மட்டும் நம்பி விடை காட்டாதீங்க, பக்கத்துலயே எழுதிடுங்க.

குவிஸுக்கு பத்து நிமிஷ டைமர் எதுக்கு வைக்கறோம்னே எனக்குப் புரியல. ஸ்க்ரைப், அதாவது சொல்லச் சொல்ல எழுதித்தர்ற ஆள் வச்சு பரீட்சை எழுதுறவங்களுக்கு மணிக்கு 20 நிமிஷமாவது கூடக் கொடுக்கணும்னு மத்திய அரசு 2018ல போட்ட வழிகாட்டுதலே சொல்லிருச்சு, நம்ம கோர்ஸ்ல டைமரையே எடுத்துடலாம், இல்லன்னா கேக்குறவங்களுக்கு நீட்டிக் கொடுக்கலாம்.

கோர்ஸை வெளியிடறதுக்கு முன்னாடி மவுஸைக் கழட்டி வச்சுட்டு, வெறும் கீபோர்டுல டேப், என்டர், ஸ்பேஸ், அம்புக்குறி கீகளை வச்சே லாகின்ல இருந்து குவிஸ் முடியற வரைக்கும் போய்ப் பாருங்க. நான் பாத்தப்போ பதில் எல்லாம் குறிச்சு முடிச்சேன், சப்மிட் பட்டனுக்கு மட்டும் போகவே முடியல.