மனக்காயமும் உடம்பும்: மலையில் நாம் விடுகிற பிழைகள்

தகரக் கூரையில் மழை இறங்கியதும் சிலருக்கு நெஞ்சு படபடக்கும், வயிறு இறுகும், என்ன ஏது என்று யோசிக்கும் முன்னே கால் இஸ்தோப்புக்கு, அதாவது வீட்டு முன்திண்ணைக்கு, வந்துவிடும். 2014 ஒக்டோபர் 29 காலையில் இலங்கை மலையகத்தில், கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில், லயங்களை (தொழிலாளர்களின் வரிசை வீடுகளை) மண்சரிவு மூடியதே, அப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்தவரின் உடம்பு அதன்பிறகு மழையை வெறும் மழையாக எடுத்துக்கொள்வது கஷ்டம். இதைத்தான் மனக்காயம் என்கிறோம். "முடிஞ்சது முடிஞ்சு போச்சு, மறந்துடு" என்கிற பேச்சு அங்கே எடுபடாது. அதனால்தான் நடை, யோகா, ஆட்டம் என்று உடம்பு வழியாகவும் அதை ஆற்றிப் பார்க்கச் சொல்கிறார்கள். நல்ல விஷயம்தான், ஆனால் செய்கிற விதத்தில் கோட்டை விடுகிறோம்.

"விடிஞ்சா மலை ஏறி இறங்குறோம், இதுக்கு மேல என்ன உடற்பயிற்சி?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் கொழுந்து எடுக்கும்போது கை ஓடுவது கிலோவுக்காக; குறைந்தால் அரைப் பேர்தான் (அரை நாள் சம்பளம்), அட்டை கடித்தாலும் இடுப்பு கழன்றாலும் நிற்க முடியாது. உடம்பு சொல்வதைக் காதில் வாங்காமல் இருந்தால்தான் அந்த வேலையே ஓடும். மனக்காயத்தின் வேரும் அதேதான், என் கையில் எதுவும் இல்லை என்கிற நிலை. ஆகவே எவ்வளவு வியர்த்தது என்பதை விடுங்கள், எப்போது தொடங்குவது எப்போது நிறுத்துவது என்று முடிவெடுப்பது யார், அதைப் பாருங்கள். கூடையை இறக்கி வைத்த பிறகு தோளை மெதுவாகத் தூக்கி இறக்குங்கள், பாதம் தரையில் எங்கெங்கே படுகிறது என்று கவனியுங்கள், பிடிக்கவில்லையா, அங்கேயே விட்டுவிடுங்கள். இரண்டு நிமிஷம் போதும்.

இதே காரணத்தால்தான் ஆளைக் கையைப் பிடித்து இழுப்பதும் கூடாது. மாசியில் காமன் கூத்துக்குத் தப்பு மேளம் அடிக்கிறபோது, "வாண்ணே, ஆடுனா எல்லாம் சரியாயிரும்" என்று ஒதுங்கி நிற்பவரை நடுவில் தள்ளிவிடுகிற அன்பு இருக்கிறதே, அது ஆபத்தான அன்பு. ஓரத்தில் நின்று தாளத்துக்கு விரலைத் தட்டினாலும் அதுவும் அசைவுதான்.

"கண்ணை மூடு, மூச்சை நல்லா இழு" என்பதும் எல்லாருக்கும் ஒத்துவராது. கண்ணை மூடினால் பழைய காட்சி வந்து நிற்கும் ஆட்கள் உண்டு, அவர்கள் கண்ணைத் திறந்தபடியே எதிரே இருக்கிற தேயிலைச் செடியைப் பார்த்துக்கொண்டு செய்யட்டும். மூச்சை இழுத்துப் பிடிப்பதைவிட மெதுவாக நீட்டி விடுவது பலருக்கு இதம். எடுத்த எடுப்பில் ஓடுவதும் வேண்டாம்: ஓடினால் துடிக்கும் நெஞ்சும் பயத்தில் துடிக்கும் நெஞ்சும் ஒரே மாதிரி இருப்பதால் உடம்பு குழம்பிப்போய் பயமே கிளம்பலாம். அழுகையோ நடுக்கமோ வந்தால் "எல்லாம் வெளியே வருது, விடாதே" என்று உசுப்பேற்றுகிறவர்களும் இருக்கிறார்கள் (சாமி வந்த மாதிரி நினைப்பு போல). நிறுத்துங்கள், உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள்.

மாத்திரையை விட்டுவிட்டு யோகாவுக்குத் தாவுவது இன்னொன்று. 2014இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வில், வழக்கமான சிகிச்சையில் தேறாத 64 பெண்களில் ஒரு பாதிப் பேர் 10 வாரம் யோகா செய்தார்கள், அவர்களுக்கு நல்ல பலன் தெரிந்தது உண்மை; ஆனால் அங்கே யோகா கூடுதல் சிகிச்சையாகத்தான் சேர்க்கப்பட்டது. தூக்கம் கெட்டு, சாராயத்தில் சாய்ந்து, சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் பயிற்சியை ஓரமாக வையுங்கள், இலங்கையின் மனநல உதவி எண் 1926க்கு அழையுங்கள், இல்லை என்றால் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அப்புறம் ஒன்று, இதை வெளியூர்ப் பயிற்சியாளர்கள் சொல்ல மாட்டார்கள். நம் பயம் எல்லாமே பழைய பயம் இல்லை. சுவரில் புது வெடிப்பு, திடீரென்று கலங்கி வரும் ஊற்றுத் தண்ணீர், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுகிற மண்சரிவுச் சிவப்பு எச்சரிக்கை, இதில் ஏதாவது இருந்தால் தோளைத் தளர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உடனே கிளம்புங்கள்.