‘புட்’ என்ற ஒரே வினையை வைத்து ஆங்கிலம் பழகுவது எப்படி?

பெங்களூருக்கு வேலைக்கு வந்த புதிதில் ‘போஸ்ட்போன்’ என்றால் நமக்குப் புரிந்துவிடும். அதையே டீம் லீட் ‘புட் ஆஃப்’ என்றால் விழிப்போம். இதற்காக நூறு தொடர்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யாதீர்கள், நிற்காது. ஒரே ஒரு வினையை எடுத்து ஒரு வாரம் அதையே புழங்குங்கள்.

படி 1: வாலோடு சேர்த்துப் படியுங்கள்

எழுதிவை, எழுதிப்பார், எழுதித்தள்ளு என்று தமிழில் வால் மாறினால் பொருள் மாறுவது நமக்குப் பழக்கம்தான். ‘புட்’டையும் தனியாகப் படிக்காமல் அப்படியே படியுங்கள். புட் ஆன் என்றால் உடுத்துவது. புட் அவுட் என்றால் நெருப்பை அணைப்பது. இறந்த காலத்திலும் ‘புட்’ மாறாது.

படி 2: உங்கள் வாழ்க்கையிலிருந்து வாக்கியம் எடுங்கள்

வீடு தேடிய அனுபவம் ஒன்றே ‘புட் அப்’புக்குப் போதும். ஓனர் வாசலில் டு-லெட் போர்டு மாட்டினால் ‘ஹீ புட் அப் எ போர்டு’. வீடு கிடைக்கும்வரை அல்சூர் அத்தை தங்க வைத்துக்கொண்டால் ‘மை ஆன்ட் புட் மீ அப் ஃபார் எ வீக்’. பதினோரு மாதம் முடிந்து வாடகையை ஏற்றினால் ‘ஹீ புட் அப் த ரென்ட்’. இது பிரிட்டிஷ் வழக்கு. அமெரிக்கர்களிடம் ‘ரெய்ஸ்டு’ என்பதே நல்லது. சில்க் போர்டு டிராஃபிக்கைச் சகித்துக்கொள்வதற்கு ‘புட் அப் வித்’. இதில் ‘வித்’ விட்டுப்போகவே கூடாது.

படி 3: ‘இட்’டை எங்கே வைப்பது?

நம்மில் பலர் சறுக்கும் இடம் இது, நிதானமாகப் பாருங்கள். ‘புட் ஆஃப் த மீட்டிங்’, ‘புட் த மீட்டிங் ஆஃப்’ இரண்டுமே சரி. ஆனால் மீட்டிங்குக்குப் பதில் ‘இட்’ வந்தால் அது நடுவில்தான் உட்காரும்: ‘புட் இட் ஆஃப்’. ‘புட் ஆஃப் இட்’ தவறு. ‘புட் அப் வித்’ மட்டும் பிரியாது. ‘புட் அப் வித் இட்’ என்றே வரும்.

வாய்விட்டுச் சொல்லும்போது அழுத்தம் ‘ஆஃப்’ மேல் விழட்டும், ‘இட்’ லேசாகப் போகட்டும். காதுக்குப் பழகிவிட்டால் இலக்கண விதி தேவைப்படாது.

படி 4: ஒத்த தொடர்களைப் பக்கத்தில் வையுங்கள்

புட் ஆஃப் என்றால் தள்ளிவைப்பது, கால் ஆஃப் என்றால் ரத்து செய்வது. இதைக் குழப்பினால் கிளையன்ட் காலுக்கே யாரும் வரமாட்டார்கள்! அப்புறம், வேலையை விடுவதை இங்கே ‘புட் டவுன் பேப்பர்ஸ்’ என்பார்கள். அது இந்திய ஆங்கிலம். வெளிநாட்டு டீமிடம் ‘ரிசைன்டு’ என்றே சொல்லுங்கள்.

சரி, இன்றைக்கு உங்கள் ஆபீசில் நடந்ததை வைத்து ‘புட் ஆஃப்’பில் மூன்று வாக்கியம் எழுதுங்கள். ஒன்றிலாவது ‘இட்’ நடுவில் வரட்டும். எழுதியதைச் சத்தமாகப் படியுங்கள். நாளைக்கு ‘புட் அப் வித்’. வாரம் முடிந்ததும் ‘டேக்’குக்குப் போகலாம்.