கால் பிடித்துவிடுவதும் கோடாங்கி பார்ப்பதும்

நான் தையல்காரன். மதுரை மீனாட்சியம்மன் கோயில் பக்கத்துப் புதுமண்டபத்தில் 22 வருடம் மிஷின் மிதித்தேன். கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியதும் நானும் அங்கே போய்விட்டேன். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேஷ உடுப்பு, கருப்பசாமி கச்சை என்று ராப்பகலாகத் தைப்போம். திருவிழா முடிந்து வீட்டில் படுத்தால், தூக்கத்தில் வலது கால் தானாக மிதிக்கும். மண்டைக்குள் மிஷின் நிற்காது. அதை நிறுத்த நான் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் கால். இதற்கு வீட்டில் ஒருவர் துணை வேண்டும். யாரும் இல்லாவிட்டால் சம்மணம் போட்டு உங்கள் கையாலேயே பிடித்துக்கொள்ளலாம். மூன்று கரண்டி நல்லெண்ணெயில் ஒரு சிட்டிகை சீரகம் போட்டு, அது பொரிந்ததும் இறக்குங்கள். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சுடக் கூடாது, இதமாக இருக்க வேண்டும். விளக்கு வைத்த பிறகு, சாப்பாட்டுக்கு முன்னால், ஃபேனை நிறுத்திவிட்டுப் பாயில் படுங்கள்.

பிடித்துவிடுகிறவர் செய்யும் பெரிய தப்பு, பலம் காட்டுவது. என் அப்பத்தா பிடித்தால் கை பட்டதே தெரியாது. குதிகாலை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு சும்மா இருப்பாள். நாலைந்து மூச்சு கழிந்த பிறகுதான் கட்டைவிரல் நகரும்: குதிகாலிலிருந்து உள்ளங்கால் குழி, அங்கிருந்து ஒவ்வொரு விரலாக. “அவன் மூச்சு விடும்போது அமுக்கு, இழுக்கும்போது விடு” என்பாள். மூச்சை மெல்ல, நீளமாக வெளியே விட்டால் இதயத் துடிப்பு தணியும் என்பதை ரொம்ப நாள் கழித்து ஒரு டாக்டர் சொல்லித் தெரிந்துகொண்டேன். அப்பத்தாவுக்கு அந்தக் கணக்கு கையிலேயே இருந்தது. ஒரு காலுக்குக் கால் மணி நேரமாவது கொடுங்கள். இரண்டாவது கால் முடிவதற்குள் வயிறு தானாக இளகி, கொட்டாவி வரும். பேச்சுக் கொடுக்காதீர்கள்.

சர்க்கரையால் பாதம் மரத்துப் போனவர்களுக்குச் சூட்டு எண்ணெய் வேண்டாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் தொடவே வேண்டாம்; ரத்தக் கட்டியாக இருந்தால் நுரையீரலுக்கு ஏறிவிடும், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அப்புறம், எண்ணெய்க் காலோடு குளியலறைக்குள் நடக்காதீர்கள். நான் நடந்தேன், முழங்கை இன்னும் சொல்கிறது.

எண்ணெய்க்கு அடங்காத தவிப்பும் உண்டு. கொரோனா நேரத்தில் அப்பா போனார். காரியம்கூட ஒழுங்காகச் செய்ய முடியவில்லை. ஒரு வருடம் நெஞ்சில் கல். அக்காதான் செக்கானூரணிப் பக்கம், உடுக்கை அடித்துக் குறி சொல்லும் ஒரு கோடாங்கியிடம் கூட்டிப்போனாள். என் மகள் ஃபோனில் ‘ஷாமனிக் ஹீலிங்’ என்று விளம்பரம் காட்டுகிறாள், ஆயிரக்கணக்கில் கட்டணம். ஷாமன் என்ற சொல் சைபீரியாவின் துங்குசு மக்களிடமிருந்து வந்ததாம். அவர்களும் பறை தட்டித்தான் ஆவியை அழைப்பார்களாம். சரி, நமக்கு உடுக்கை.

வெற்றிலை, பாக்கு, சூடம், எலுமிச்சம்பழம் கொண்டுபோனால் போதும். செவ்வாய், வெள்ளியில் கூட்டம் இருக்கும், பொறுமையாக உட்காருங்கள். ஃபோனை அணைத்துவிடுங்கள். உடுக்கை மெல்ல ஆரம்பித்து, சாமி பெயர்களை அழைக்க அழைக்க வேகம் பிடிக்கும். எதையும் நினைக்க முயலாமல் அந்தச் சத்தத்தை வயிற்றில் வாங்குங்கள். எனக்குச் சட்டென்று நிறுத்தி, “ஒங்கப்பனுக்கு ஒரு படையல் பாக்கி கெடக்குப்பா” என்றார். எல்லோரிடமும் அதையே சொல்வாரோ என்னவோ. நான் தேம்பித் தேம்பி அழுதேன். முகத்தில் தண்ணீர் தெளித்து, திருநீறு பூசி, உச்சந்தலையில் ஊதி அனுப்பினார். வீடு வரை பஸ்ஸில் அக்காவும் நானும் பேசவில்லை. அந்த அமாவாசைக்கே படையல் போட்டோம். அன்று தூங்கினேன்.

கோடாங்கிதான் வேண்டும் என்றில்லை. பள்ளிவாசல் வாசலில் தொழுகை முடிந்து வருகிறவர்களிடம் பிள்ளையை நீட்டி ஓதி ஊதச் சொல்லும் தாய்மாரில் பலர் நெற்றியில் குங்குமம் இருக்கும்.

ஆனால் ஆளைப் பாருங்கள். செய்வினை என்று பயமுறுத்தி 11,000 ரூபாய் கேட்ட ஒருவரிடமிருந்து நான் எழுந்து வந்திருக்கிறேன். மாத்திரையை நிறுத்தச் சொன்னாலோ, அடித்தாலோ, கட்டிப்போட்டாலோ உடனே கிளம்புங்கள். 2001ல் ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் சங்கிலியில் கட்டிய நிலையிலேயே 28 பேர் தீயில் வெந்தார்கள். காதில் குரல் கேட்கிறது, சாகத் தோன்றுகிறது என்றால் முதலில் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவு. ராத்திரியானால் அரசாங்க மனநல உதவி எண் 14416க்குக் கூப்பிடுங்கள், காசு கட்ட வேண்டாம். திருநீறு அப்புறம் பூசிக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை என் மனைவி எனக்குக் கால் பிடித்துவிடுவாள், திங்கள் நான் அவளுக்கு. என் கை முரடு என்று இன்னும் திட்டுகிறாள்.